எந்தக் குழியில் கிடந்தது?

செர்வெத்தேரி ஊரின் நடுவே ஒரு பழைய கோட்டை, அதற்குள் ஒரு சின்ன அருங்காட்சியகம். அங்கே தனிக் கண்ணாடிப் பெட்டியில் நிற்கும் ஒரு கிரேக்க மண்கலத்தைப் பார்க்கத்தான் ரோமிலிருந்து ரயிலேறிப் போனோம். அரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரம். நாற்பத்தைந்து லிட்டர் பிடிக்கும். விருந்தில் மதுவோடு தண்ணீர் கலந்து வைக்கிற பாத்திரம். கி.மு. 515 வாக்கில் ஏதென்சில் யூக்சிதியோஸ் என்ற குயவர் வனைந்து, யூஃப்ரோனியோஸ் என்ற ஓவியர் வரைந்தது. இருவருமே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

ட்ராய் போரில் விழுந்த சார்பெடோனின் உடலை உறக்கமும் மரணமும் ஆளுக்கொரு பக்கமாகக் குனிந்து தூக்குகிற காட்சி அதில் இருக்கிறது. இரண்டு பேருக்கும் இறக்கை உண்டு, போர்க்கவசமும் உண்டு. நடுவில் தெய்வங்களின் தூதரான ஹெர்மெஸ் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். சார்பெடோன் கிரேக்கத் தெய்வங்களின் அரசன் ஜீயஸின் பிள்ளை. ஓவியர் அவன் உடலை மற்றவர்களைவிடப் பெரிதாக வரைந்திருக்கிறார். காயங்களிலிருந்து ரத்தம் வழிகிறது, ஒரு கை தரையை நோக்கித் துவண்டு தொங்குகிறது, வயிற்றுத் தசைகள் மயிரிழை போன்ற கோடுகளில் தெரிகின்றன. பெட்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் இளைஞர்கள் சிலர் சாவகாசமாகக் கவசம் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு அந்தச் சாவகாசம் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்.

மனைவி பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு, "ஏங்க, இது யாரோட சமாதியில இருந்துச்சாம்?" என்று கேட்டாள்.

அதற்குத்தான் பதில் கிடையாது. 1971 டிசம்பரில், இதே ஊருக்கு வெளியே கிரெப்பே சான்ட் ஆஞ்சலோ என்ற இடத்தில் கல்லறைத் திருடர்கள் சிலர் தோண்டி எடுத்தது இது. அடுத்த ஆண்டே நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் பத்து லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டது. ஒரு கிரேக்கப் பானைக்கு அதுவரை யாரும் அவ்வளவு பணம் கொடுத்ததில்லை. விற்ற ராபர்ட் ஹெக்ட், பெய்ரூட்டில் ஒரு குடும்பத்தின் சொத்தாக இது ரொம்ப காலம் இருந்தது என்று ஒரு கதையும் காகிதமும் வைத்திருந்தார். இத்தாலி விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. 2006-ல் ஒப்பந்தமாகி, 2008 ஜனவரியில் பானை திரும்பி வந்தது. முதலில் ரோமின் வில்லா ஜூலியா அருங்காட்சியகத்தில் இருந்து, பிறகு சொந்த ஊருக்கே வந்து சேர்ந்தது.

ஊருக்கு வந்ததே தவிர, கல்லறைக்கு வரவில்லை. அந்த அறைக்குள் எந்தப் பக்கம் நின்றது, பக்கத்தில் கிடந்தது ஆணா பெண்ணா, கூடவே என்னென்ன பாத்திரங்கள் இருந்தன, வாங்கிய கையோடு புதைத்தார்களா அல்லது இரண்டு தலைமுறை வீட்டில் புழங்கிவிட்டுப் புதைத்தார்களா? கிரேக்க வீரன் ஒருவனால் கொல்லப்பட்ட, ட்ராய் தரப்பில் நின்ற ஒருவனுடைய சாவுப் படத்தை ஓர் இத்தாலியக் குடும்பம் ஏன் தன் கல்லறைக்குள் வைத்தது? கதை தெரிந்து வைத்தார்களா, ஏதென்ஸ் சரக்கு என்ற பெருமைக்கு வைத்தார்களா? தோண்டியவர் ஒரு தொல்லியலாளராக இருந்திருந்தால் இதில் பாதிக்காவது விடை கிடைத்திருக்கும். ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் தோண்டியவர்களுக்கு இது எதுவும் தேவைப்படவில்லை.

அந்தக் குடும்பம் எட்ருஸ்கக் குடும்பம். ரோம் ஒரு பேரரசாவதற்கு முன்னால், ஆர்னோ ஆற்றுக்கும் டைபர் ஆற்றுக்கும் இடைப்பட்ட நாட்டில் நகரங்கள் கட்டி வாழ்ந்தவர்கள் எட்ருஸ்கர்கள். இன்றைய செர்வெத்தேரிதான் அவர்களின் கைரே. தார்குவீனியா, வெய், வுல்ச்சி, வோல்தெர்ரா, பெருஜா, அரெட்சோ எல்லாம் அவர்களுடைய ஊர்கள். ரோமின் கடைசி அரசர்களில் சிலர் எட்ருஸ்க வம்சம். தந்தக் கால் வைத்த அதிகாரிகளின் நாற்காலி, கோடரியோடு கட்டிய பிரம்புக் கட்டு, பலியாட்டின் ஈரலைப் பார்த்துக் குறி சொல்வது, இன்று நாம் ரோமன் எழுத்து என்று தட்டச்சு செய்கிற எழுத்து வரிசை எல்லாம் ரோமுக்கு இவர்கள் வழியாக வந்தவை. கி.மு. 396-ல் வெய் நகரம் ரோமிடம் விழுந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊராக உள்ளே போய், இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் மொழியும் போய்விட்டது.

அவர்கள் எழுதாதவர்கள் இல்லை. ரோமப் பேரரசர் கிளாடியஸ் இவர்களைப் பற்றி கிரேக்க மொழியில் 20 சுருள்களுக்கு வரலாறு எழுதினார். அவருடைய முதல் மனைவியே எட்ருஸ்கப் பரம்பரைப் பெண். அதில் ஒரு சுருள்கூட மிஞ்சவில்லை. எட்ருஸ்க மொழியில் இன்று நமக்குக் கிடைத்திருப்பதில் மிக நீளமான நூல் எங்கே இருக்கிறது தெரியுமா? குரோவேஷியாவின் ஜாக்ரெப் அருங்காட்சியகத்தில், ஓர் எகிப்திய மம்மியைச் சுற்றிய துணியில். லினன் துணியில் எழுதிய சடங்கு நாட்காட்டி ஒன்றை யாரோ பட்டை பட்டையாகக் கிழித்துப் பிணத்துக்குச் சுற்றிவிட்டார்கள். 1848-ல் ஒரு குரோவேஷியர் அந்த மம்மியை அலெக்சாந்திரியாவில் ஞாபகப் பொருளாக வாங்கிப் போய்த் தன் வீட்டில் வைத்திருந்தார். துணியில் இருப்பது எட்ருஸ்கம் என்று வியன்னாவில் யாக்கோப் கிரால் கண்டுபிடித்தது 1891-ல். சுமார் 1,200 சொற்களைப் படிக்க முடிகிறது. மற்றபடி நம்மிடம் இருப்பதெல்லாம் கல்லறை வாசலிலும் முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்புறத்திலும் கிண்ணத்தின் அடியிலும் கீறிய பெயர்கள்; இன்னார் மகன், இன்னார் மனைவி, இத்தனை வயது.

கிரேக்கப் பானை ஒன்று திருடுபோனால் நஷ்டம்தான், ஆனால் ஏதென்சைப் பற்றிச் சொல்ல நாடகங்களும் வரலாறுகளும் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. எட்ருஸ்கருக்கு மண்ணை விட்டால் வேறு சாட்சி கிடையாது. அவர்களைப் பற்றி எழுதி வைத்த மற்றவர்களோ பெரும்பாலும் அவர்களைப் பிடிக்காதவர்கள். மனைவிமார் கணவன்மாரோடு ஒரே திண்டில் சாய்ந்து விருந்துண்டதைப் பார்த்து, கிரேக்க எழுத்தாளர் தியோபொம்பஸ் வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதினார். அதே காட்சியைச் சுடுமண்ணில் செய்து ஈமப்பேழை மூடியில் வைத்தார்கள் கைரே நகரத்தார்: கணவனும் மனைவியும் ஒரே கட்டிலில் சாய்ந்து, அவன் கை அவள் தோளில் கிடக்க, இருவர் முகத்திலும் லேசான சிரிப்பு. 1881-ல் துண்டு துண்டாகக் கிடைத்து, ஒட்டி, இப்போது வில்லா ஜூலியாவில் இருக்கிறது. தியோபொம்பஸ் சொன்னதை நம்புவதா, இந்த மனைவியின் முகத்தை நம்புவதா என்றால் என் ஓட்டு அவளுக்கு.

கோட்டையிலிருந்து கொஞ்ச தூரத்தில் பண்டித்தாச்சா இடுகாடு. 2004-ல் தார்குவீனியாவின் ஓவியக் கல்லறைகளோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. டூஃபா என்ற மெத்தென்ற எரிமலைப் பாறையைக் குடைந்து அறைகள் செய்து, மேலே வட்டமாக மண்மேடு போட்டிருக்கிறார்கள். வண்டிச் சக்கரம் பதிந்த தெருக்கள், தெருவின் இரண்டு பக்கமும் வாசல்கள். உள்ளே போனால் கூரையில் உத்திரமும் விட்டமும் தெரியும். எல்லாம் கல்லிலேயே செதுக்கியவை. நாற்காலிகூடக் கல்லில் செதுக்கி வைத்திருக்கும் கல்லறை உண்டு. எட்ருஸ்கர்களின் வீடுகள் மரமும் மண்ணும் என்பதால் அழிந்துபோயின; வீடு எப்படி இருந்தது என்பதைச் செத்தவர்களுக்குக் கட்டிய வீட்டிலிருந்துதான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. வாசலில் சின்ன நடுகற்கள் நட்டிருக்கிறார்கள். ஆணுக்கு உருளை வடிவம், பெண்ணுக்கு ஒரு குட்டி வீட்டின் வடிவம். எந்த வாசலில் எத்தனை நட்டிருக்கிறது என்று எண்ணினாலே உள்ளே யார் யார் என்று ஒரு கணக்கு வந்துவிடும்.

இங்கே நான் அதிக நேரம் நின்றது புடைப்புச் சிற்பக் கல்லறை வாசலில். கி.மு. 4-ஆம் நூற்றாண்டு, மாத்துனா என்ற குடும்பத்துடையது, 1847-ல் கண்டுபிடித்தது. உள்ளே விடமாட்டார்கள், கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். சுவரிலும் தூணிலும் வீட்டுச் சாமான் அத்தனையும் சுண்ணச்சாந்தில் புடைப்பாகச் செய்து வண்ணம் பூசி மாட்டியிருக்கிறார்கள். கேடயம், தலைக்கவசம், வாள் ஒரு பக்கம். கரண்டி, கத்தி, கோடரி, சுருட்டிய கயிறு, ஆட்டப் பலகை, விசிறி, கைத்தடி இன்னொரு பக்கம். தூணின் கீழே ஒரு வாத்து. நடுவிலிருக்கும் முதன்மைப் படுக்கையில் சிவப்புத் தலையணைகள், கீழே கழற்றி வைத்த ஒரு ஜோடிச் செருப்பு. பக்கத்தில் ஒரு பெட்டி, அதன்மேல் மடித்து வைத்த துணி. மடிப்பைப் பார்த்தால் அது துணியில் எழுதிய புத்தகம் என்கிறார்கள் அறிஞர்கள். ஜாக்ரெப் மம்மியைச் சுற்றியிருந்ததைப் போன்ற ஒரு புத்தகத்தை எப்படி மடித்து வைத்திருப்பார்கள் என்பது இந்தச் சுவரைப் பார்த்துத்தான் புரிந்தது. இவை சுவரோடு சேர்ந்தவை என்பதால் பிழைத்தன. எடுத்துப் போகக்கூடியதாக இருந்திருந்தால் செருப்பு ஒரு நாட்டிலும் தலையணை ஒரு நாட்டிலும் இருந்திருக்கும்.

சரி, திருட்டு என்று ராத்திரிக்காரர்களை மட்டும் சொல்வது நியாயமில்லை. பகலில், அனுமதியோடு, கனவான்கள் செய்ததும் இதில் சேரும். 1828-ல் வுல்ச்சியில் உழுதுகொண்டிருந்த மாடு ஒரு கல்லறைக் கூரையை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. அந்தப் பகுதியில் பண்ணை வைத்திருந்தவர் நெப்போலியனின் தம்பி லூசியன் போனபார்ட். அவ்வளவுதான், ஆயிரக்கணக்கில் மண்கலங்கள் வெளியே வந்தன. லூசியன் இறந்த பிறகும் அவர் விதவை தோண்டுவதை நிறுத்தவில்லை. 1840-களில் அதைப் போய்ப் பார்த்த ஜார்ஜ் டென்னிஸ் என்ற ஆங்கிலேயர் கண்ணால் கண்டதை எழுதியிருக்கிறார்: படம் வரையாத சாதாரணப் பானைகளை வேலையாட்கள் அங்கேயே தரையில் போட்டு மிதித்து நொறுக்கினார்கள். வேண்டாம் என்று அவர் கெஞ்சியும் கேட்கவில்லை, மேலிடத்து உத்தரவாம். சந்தையில் விலை போகாத சரக்கு கிடைத்தால் விலை போகிற சரக்கின் மதிப்பு குறைந்துவிடும் என்ற வியாபாரக் கணக்கு. இன்றைய அகழாய்வில் முதலில் எண்ணி, எடை போட்டு, படம் வரைவது அந்தச் சாதாரணப் பானைகளைத்தான். சோறு எதில் பொங்கினார்கள், எந்தக் காலத்தில் பொங்கினார்கள் என்பதை வேறு எது சொல்லும்?

லூசியனைத் திட்டும்போது ஒன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். கிரேக்க மண்கல ஓவியம் என்று இன்று உலகம் கொண்டாடுவதில் பெரும்பகுதி இந்த எட்ருஸ்கக் கல்லறைகளிலிருந்து வந்ததுதான். கிரேக்கத்தில் புழங்கியவை உடைந்தன. இவர்கள் காசு கொடுத்து வரவழைத்து முழுசாகப் புதைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், இத்தாலியில் கிடைத்ததால் பதினெட்டாம் நூற்றாண்டில் பலரும் அவற்றை எட்ருஸ்கப் பானைகள் என்றே நினைத்தார்கள். அந்த மயக்கத்தில்தான் ஜோசையா வெட்ஜ்வுட் 1769-ல் இங்கிலாந்தில் திறந்த பீங்கான் ஆலைக்கு எட்ரூரியா என்று பெயர் வைத்தார்.

அதே செர்வெத்தேரியில் 1836-ல் திறந்த ரெகோலினி-கலாஸி கல்லறை என்னை இன்னும் எரிச்சல்படுத்துகிறது. ஒரு பாதிரியாரும் ஒரு தளபதியும் சேர்ந்து திறந்ததால் அந்தப் பெயர். கி.மு. 7-ஆம் நூற்றாண்டு, யாரும் தொடாத கல்லறை. கை நீளத்துக்குத் தங்கக் கொக்கி, அதில் கண்ணுக்கு எட்டாத தங்கப் பொடிமணிகளைப் பற்றவைத்த வேலை, மார்பை மூடும் தங்கத் தகடு, வெண்கலக் கட்டில், வண்டி, வெள்ளிக் கிண்ணங்கள். எல்லாம் இன்று வத்திக்கானில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் எது எந்த அறையில், யார்மேல் கிடந்தது என்று அப்போதே ஒழுங்காகக் குறித்துக்கொள்ளவில்லை. பிறகு வரைந்த வரைபடங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. வெள்ளிப் பாத்திரத்தில் 'லார்த்தியா' என்று பெயர் கீறியிருக்கிறது. அது ஒரு சீமாட்டியின் பெயரா, லார்த் என்ற ஆணுக்கு உரியது என்று பொருளா? அந்தத் தங்கத் தகடு பெண்ணின் நகையா, ஆணின் சின்னமா? இன்றைக்கும் வாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் உட்கார்ந்து ஒரு படம் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

இதற்கு நேரெதிர் உதாரணம் பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில் இருக்கிறது. கைரேயின் துறைமுகமான பிர்ஜி, இன்றைய சான்தா செவேரா கடற்கரை. ரோம் பல்கலைக்கழகத்தின் மாஸ்ஸிமோ பல்லொத்தீனோ குழு அங்கே கோயில் அடித்தளங்களைத் தோண்டிக்கொண்டிருந்தது. 1964 ஜூலையில், இரண்டு கோயில்களுக்கு நடுவே, உடைந்த கட்டடக் கற்களை வைத்து வேண்டுமென்றே கட்டிய ஒரு சின்னத் தொட்டிக்குள் மூன்று தங்கத் தகடுகள் கிடைத்தன. ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம், சுருட்டி வைத்திருந்தது. சுருளுக்குள் ஆணிகளையும் பத்திரமாகப் போட்டிருந்தார்கள். இரண்டில் எட்ருஸ்க எழுத்து, ஒன்றில் ஃபினீசிய எழுத்து. கி.மு. 500-ஐ ஒட்டிய காலம். கைரேயை ஆண்ட தெஃபாரியே வெலியானாஸ், எட்ருஸ்கர் ஊனி என்றும் ஃபினீசியர் அஸ்தார்த்தே என்றும் வணங்கிய தெய்வத்துக்குக் கோயில் எடுத்த செய்தி. எட்ருஸ்கத்துக்கு இணையாக நமக்குத் தெரிந்த மொழியில் அதே விஷயம் சொல்லும் நீளமான கல்வெட்டு வேறு கிடைக்காது என்பதால் மொழி ஆய்வாளர்களுக்கு அது பெரிய கொண்டாட்டம். வரிக்கு வரி மொழிபெயர்ப்பில்லை என்பது அப்புறம் வந்த தலைவலி.

எனக்கு அந்த ஆணிகள் முக்கியம். தகடுகள் எங்கோ மரத்தில், கோயில் கதவிலோ நிலையிலோ, அறைந்திருந்தன. பின்னால் கோயிலைப் பிரித்தபோது மரியாதையோடு பிடுங்கி, ஆணியோடு சுருட்டி, தொட்டி கட்டி அடக்கம் செய்தார்கள் என்ற மொத்தக் கதையும் ஆணியும் தொட்டியும் சேர்ந்திருந்ததால் தெரிந்தது. ஃபினீசியம்தான் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர வணிகர்களின் மொழி. அந்த மொழியில் ஓர் இத்தாலிய அரசன் கோயில் சாசனம் எழுதியிருக்கிறான் என்றால், அதே காலத்தில் ரோமும் கார்த்தேஜும் ஒப்பந்தம் போட்டன என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் எழுதியதும் நம்பத்தக்கதாகிவிடுகிறது. ராத்திரிக்காரர் கையில் கிடைத்திருந்தால் மூன்று தகடும் மூன்று சேகரிப்பாளர்களிடம் போயிருக்கும். ஆணி குப்பைக்குப் போயிருக்கும். ஃபினீசியத் தகடு லெபனானில் கிடைத்ததாக ஒரு காகிதமும் தயாராகியிருக்கும்.

ரோம வரலாற்றையே இந்த மண் அசைத்துப் பார்த்த கதை ஒன்றும் உண்டு. ரோமின் ஆறாம் அரசர் செர்வியுஸ் துல்லியுஸ் ஓர் அடிமைப் பெண்ணின் மகன் என்பது ரோமர்கள் சொன்னது. கிளாடியஸ் கி.பி. 48-ல் பேசிய உரை வெண்கலப் பலகையில் பொறிக்கப்பட்டு 1528-ல் பிரான்சின் லியோனில் கிடைத்தது. அதில் அவர், எட்ருஸ்கர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள், அந்த ஆளின் பெயர் மஸ்தார்னா, கைலியுஸ் விபென்னா என்பவரின் தோழன் என்கிறார். 1857-ல் வுல்ச்சியில் அலெஸ்ஸாந்த்ரோ ஃபிரான்சுவா திறந்த கல்லறையின் சுவரில் அந்தக் காட்சியே வரைந்திருந்தது. மாக்ஸ்த்ர்னா (மஸ்தார்னாதான்) வாளோடு வந்து கைலே விபினாஸின் (கைலியுஸ் விபென்னாவின்) கட்டை அறுக்கிறான். அடுத்தடுத்த ஜோடிகளில் ஒருவரையொருவர் குத்துகிறார்கள். குத்துப்பட்டு விழுபவர்களில் ஒருவன் 'ரோமின் தார்க்குவின்'; ரோமின் எட்ருஸ்க அரச வம்சத்தின் பெயர் அது. எல்லோர் தலைக்கு மேலும் பெயர் எழுதியிருக்கிறது. அப்புறம் வெய் நகரக் கோயிலில் ஒரு கருநிற மண்கலத்தின் துண்டு கிடைத்தது. கி.மு. 6-ஆம் நூற்றாண்டு, காணிக்கை வைத்தவர் பெயர் அவிலே விபியென்னாஸ். அந்த ஓவியத்தில் கைலேயோடு வரும் அவருடைய சகோதரனின் பெயர், சரியான காலத்தில், சரியான இடத்தில். அவரேதானா என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்தத் துண்டு கோயிலில், காணிக்கைக் குவியலில் கிடைத்ததால்தான் இந்த வாதமே சாத்தியமாகிறது. ஏலக் கடையில் கிடைத்திருந்தால் போலியோ என்ற சந்தேகத்திலேயே முடிந்திருக்கும். அந்தச் சுவரோவியங்களையும் நிலத்தின் சொந்தக்காரப் பிரபு சில ஆண்டுகளில் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொம்பரோலிகளின் காலம். கல்லறைத் திருடர்களுக்கு இத்தாலியில் அப்படித்தான் பெயர். பெரும்பாலும் அந்தந்த ஊர் விவசாயிகள், கூலிகள். நீண்ட இரும்புக் கம்பியை மண்ணில் இறக்கி, கம்பி முனை கல்லில் முட்டுகிறதா, வெற்றிடத்தில் சறுக்குகிறதா என்று கையாலேயே கண்டுபிடிப்பார்கள். மண்ணுக்கடியில் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம் என்று 1909-லேயே சட்டம் வந்துவிட்டாலும் யாரும் பயந்ததாகத் தெரியவில்லை. இவர்கள்மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. சார்பெடோன் பானைக்கு அவர்கள் கூட்டத்துக்குக் கிடைத்தது ஒரு லட்சம் டாலருக்கும் குறைவு. நியூயார்க்கில் அதன் விலை பத்து லட்சம். கோபமெல்லாம் நடுவில் இருந்த கோட்டுசூட்டுக்காரர்கள்மேலும், எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருப்பதையே ஒரு திறமையாக வளர்த்துக்கொண்ட அருங்காட்சியகங்கள்மேலும்தான்.

1995 செப்டம்பரில் ஜெனீவாவின் சுங்கமில்லாக் கிடங்கில் ஜாக்கொமோ மெதிச்சி என்ற வியாபாரியின் அறைகளை ஸ்விஸ், இத்தாலியப் போலீசார் திறந்தார்கள். அலமாரி முழுக்கத் தொல்பொருள்கள், அதைவிட முக்கியமாக ஆயிரக்கணக்கான புகைப்படங்கள். பல போலராய்ட் படங்கள். மண் ஒட்டிய நிலையில், துண்டு துண்டாக, பழைய செய்தித்தாள்மேல் கிடத்தி எடுத்தவை. அதே பொருள் பிற்பாடு ஒட்டி, துடைத்து, பெரிய அருங்காட்சியகப் பெட்டியில் நிற்கிற படமும் கூடவே. அந்தவகை உடனடிப் படக் கேமரா 1970-களில்தான் சந்தைக்கு வந்தது. எனவே 'தாத்தா காலத்துச் சேகரிப்பு' என்ற கதை படத்திலேயே செத்துவிட்டது. மெட்ரோபாலிட்டனில் சார்பெடோன் பானை பக்கத்தில் நின்று மெதிச்சி எடுத்துக்கொண்ட படமும் அதில் இருந்தது. ஆசை யாரை விட்டது! 2004-ல் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. நியூயார்க் பேச்சுவார்த்தைக்கு வந்ததற்கு அந்தப் படங்கள்தான் காரணம்.

இதையெல்லாம் படிக்கும்போது புதுச்சேரிக்காரனான எனக்கு அரிக்கமேடு ஞாபகத்துக்கு வராமல் இருக்குமா? எட்ருஸ்க ஊர்களின் பட்டியலில் அரெட்சோவைச் சொன்னேன். ரோமர் காலத்தில் அங்கே பளபளப்பான சிவப்புத் தட்டுகளும் கிண்ணங்களும் செய்து, பட்டறை முத்திரை குத்தி உலகம் முழுக்க ஏற்றுமதி செய்தார்கள். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் 1945-ல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது அந்தச் சிவப்பு ஓடுகள் கிடைத்தன. வீபியே, கமூரி, இட்டா என்ற முத்திரைகள் இருந்தன. அரெட்சோ பட்டறைகள் எந்தெந்த ஆண்டுகளில் இயங்கின என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே கணக்கிட்ட விஷயம். அதனால் அந்த ஓடு கிடந்த மண்ணடுக்கில் கூடவே கிடந்த நம்மூர்ப் பானைகளுக்கும் முதன்முறையாக ஒரு தேதி கிடைத்தது. அங்கிருந்து பிடித்துக்கொண்டு தென்னிந்தியாவின் மற்ற இடங்களுக்கும் தேதி சொல்ல ஆரம்பித்தார்கள். வீலரின் தேதிகள் சிலவற்றை விமலா பெக்லி 1989 முதல் 1992 வரை மறுபடி தோண்டித் திருத்தினார். ரோமச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது என்று காட்டினார். அவர் திருத்த முடிந்ததற்கும் மண்ணடுக்குதான் காரணம். அரிக்கமேட்டிலும் செங்கல்லுக்காகச் சுவர்களைத் தோண்டி எடுத்துப்போனவர்கள் இருந்தார்கள். சுவர் இருந்த இடத்தில் வெறும் பள்ளத்தைத்தான் வீலர் பல இடங்களில் வரைந்தார். அது தொம்பரோலி வேலை இல்லை, வீடு கட்ட ஆசைப்பட்டவர்களின் வேலை. போனது போனதுதான்.

திருடரை முந்துவதற்கு ஒரு பொறியாளர் கண்டுபிடித்த வழியையும் சொல்ல வேண்டும். 1950-களில் கார்லோ லெரிச்சி என்ற தொழிலதிபர், எண்ணெயும் தாதும் தேடுகிறவர்கள் பயன்படுத்தும் மின்தடை அளவையைச் செர்வெத்தேரியிலும் தார்குவீனியாவிலும் இறக்கினார். வெற்றிடம் இருப்பதாகத் தெரிந்தால் மேலிருந்து ஒரு குறுகிய துளை போட்டு, விளக்கும் கேமராவும் பொருத்திய பெரிஸ்கோப்பை உள்ளே விட்டுச் சுற்றிலும் படம் எடுப்பார்கள். ஓவியமோ பொருளோ இருந்தால் மட்டும் திறப்பார்கள். 1958-ல் தார்குவீனியாவில் இப்படித்தான் ஓட்டப்பந்தயமும் தேரோட்டமும் வரைந்த ஒரு கல்லறை கிடைத்தது. ரோம் ஒலிம்பிக்ஸ் நெருங்கிக்கொண்டிருந்த நேரம், ஒலிம்பிக்ஸ் கல்லறை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் பெரிஸ்கோப் எடுத்த படங்களில் அதிகமும் காலி அறைகள்தான். சில அறைகளை ரோமர்கள் காலத்திலேயே யாரோ துடைத்துவிட்டிருந்தார்கள்.

இப்போது நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. தஸ்கனியில் சான் காஷானோ தெய் பாஞ்ஞி என்ற வெந்நீர் ஊற்று ஊரில், 2022-ல் ஒரு பழைய புனிதக் குளத்தின் சேற்றிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட வெண்கலச் சிலைகளும் ஆயிரக்கணக்கான நாணயங்களும் வந்தன. காது, கை, கால், உள்ளுறுப்பு என்று நோய் வந்த உறுப்பையே வெண்கலத்தில் செய்து போட்டிருக்கிறார்கள்; நம் கோயில்களில் வெள்ளித் தகட்டில் கண்மலர் போடுகிறோமே, அதே காரியம். காற்றுப் புகாத சூடான சேறு எழுத்தைக்கூட அழியாமல் வைத்திருந்தது. ரோமுக்கும் எட்ருஸ்க ஊர்களுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில் எட்ருஸ்க மொழியிலும் லத்தீனிலும் வேண்டுதல் எழுதி ஒரே குளத்தில் போட்டிருக்கிறார்கள். கி.பி. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிறிஸ்தவ காலத்தில், சிலைகளை உருக்காமல் உள்ளேயே விட்டு மேலே கல்தூண்களைக் கிடத்தி மூடியிருக்கிறார்கள். எது மேலே, எது கீழே, எது எந்த மரத்துண்டின் அடியில் என்று ஒவ்வொன்றாக வரைந்துதான் எடுத்தார்கள். அதனால்தான் இவ்வளவும் சொல்ல முடிகிறது.

2025-ல் வந்த செய்தி இன்னொன்று. ரோமுக்கு வடக்கே பார்பரானோ ரொமானோ அருகில் சான் ஜூலியானோ என்ற இடத்தில் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகக் குழு 2016 முதல் வேலை செய்கிறது. அறுநூறுக்கும் மேற்பட்ட கல்லறைகளைப் பதிவு செய்திருக்கிறார்கள், தோண்டிப் பார்த்த அறைகளில் முன்பே யாராவது புகுந்திருந்தார்கள். இந்த ஒன்று மட்டும் வாசல் கல் அசையாமல் இருந்தது. கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் அறை, செதுக்கிய கல் படுக்கைகளில் நான்கு பேர், சுற்றிலும் நூறுக்கு மேற்பட்ட பொருள்கள்: மண்கலங்கள், இரும்பு ஆயுதங்கள், வெண்கல நகைகள், கூந்தலில் செருகும் மெல்லிய வெள்ளிச் சுருள்கள். வைத்தவர்கள் வைத்த இடத்திலேயே எல்லாம் இருக்கின்றன. இரண்டு ஆண், இரண்டு பெண், ஜோடி ஜோடியாக இருக்கலாம் என்று முதல் பார்வையில் சொல்கிறார்கள். மரபணு வேலை ஒழுங்காக முடிந்தால் அவர்கள் கணவன் மனைவியா, அண்ணன் தங்கையா, அம்மாவும் பிள்ளையுமா என்பதுகூடத் தெரிந்துவிடும்.